ஒன்றேகால் எருமை பெறப்பட்டது

பையிலிருந்து கையை எடுத்தபோது கண்டக்டர் சேர்மத்துரையின் உள்ளங்கையில் பதினாறு சோழி இருந்தது. அவன் சலேத்தம்மாளுக்குக் கொடுக்க வேண்டிய மீதி ஒன்பது ரூபாய்.

"என்ன தம்பி, மீதி கேட்டா சோழிய உருட்டுத? எனக்கு ஜாதகம் பாக்கப் போறியா?" என்றாள் சலேத்தம்மாள். முப்பது வருஷமாகத் தலையில் மீன் கூடை சுமப்பவள், கழுத்து அசையாமலே சண்டை போடத் தெரிந்தவள்.

சேர்மத்துரை சோழியைப் பைக்குள் போட்டுவிட்டு மறுபடி கையை விட்டான். மறுபடியும் சோழி. அவள் கொடுத்த இருபது ரூபாய்த் தாளை அதே பைக்குள் போட்டு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். காலையிலிருந்து வாங்கிய தாளும் நாணயமும் போன இடம் தெரியவில்லை. சளசளவென்று வெள்ளைச் சோழிகள் இன்ஜின் பெட்டிமேல் கொட்டி, அங்கிருந்து உருண்டு, டிரைவர் மிக்கேல் ராயனின் காலடிவரை போயின.

"மாப்ள, பிரேக்குக்கு அடியில போவுது பாரு," என்றார் மிக்கேல் ராயன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "சிக்கிச்சுன்னா வண்டி நிக்காது. அப்புறம் நாம எல்லாருந்தான் உருளணும்."

ஆச்சரியப்பட அந்த பஸ்ஸில் யாருக்கும் நேரமில்லை. செந்தூர் மார்க்கெட்டில் ஏழரைக்குள் கூடையை இறக்காவிட்டால் நல்ல இடம் போய்விடும். ஆகவே சேர்மத்துரை, சில்லறை இல்லாத கண்டக்டர் எவனும் செய்வதைச் செய்தான்: டிக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் 9 என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 'சே' என்று ஒரு எழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

"எறங்கும்போது வாங்கிக்கோங்கக்கா."

"அதுக்குள்ள பை குட்டி போட்ருமாக்கும்," என்றாள் அவள். ஆனாலும் டிக்கெட்டை வாங்கிச் சுருக்குப் பைக்குள் செருகிக்கொண்டாள். மீதியை மறந்து இறங்கிப் போனவர்களை மறுநாள் தேடிப் பிடித்து, மூன்று ரூபாயைக் கையில் திணித்து, "மனுசன் நிம்மதியாத் தூங்க வேண்டாமா?" என்று திட்டுகிற கண்டக்டர் அவன்.

தேரிமுனையைப் பற்றிச் சொன்னால்தான் இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று புரியும். ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் தேரி என்கிற செம்மணல் மேடு, நடுவில் இருநூறு வீடு, ஒரு கோயில், ஒரு சர்ச், ஒரு பள்ளிவாசல். ஒரு கால் முன்னால் வைத்தால் அரைக்கால் பின்னால் இழுக்கிற மணலில் எட்டு கிலோமீட்டர் நடந்துதான் பெண்கள் மீன் விற்கப் போனார்கள், பிரசவ வலி எடுத்தவளைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள், பாதி வழியில் பிறந்த நாலு பேருக்கு 'தேரியான்' என்றே பட்டப்பெயர். சேர்மத்துரை அந்த ஊர்க்காரன். ஏழு பஸ் வைத்திருந்த தவசிக்கனி முதலாளியின் ஆபீஸ் வாசலில் இரண்டு வருஷம் நின்று, "வசூலுக்கு நான் பொறுப்பு அண்ணாச்சி" என்று சொல்லிச் சொல்லி வாங்கி வந்த மினி பஸ்தான் இந்தப் பவளக்கொடி. தார் ரோடும் பஸ்ஸுக்காகத்தான் வந்தது. வசூல் விழுந்தால் பஸ் போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

சாயங்காலம் தவசிக்கனியின் மேஜைமேல் ஒரு சாக்குச் சோழியைக் கொட்டினான். அவர் ஒன்றை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்.

"கடல் சத்தம் கேக்கு. காசு சத்தம் கேக்கலையே, சேர்மா."

"நானா மாத்துனேன் அண்ணாச்சி? பை மாத்துது."

"பைய மாத்து அப்ப. அடுத்த வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். ரூவாயா வந்தா பஸ் ஓடும். வரலேன்னா வண்டிய கோயில் ரூட்டுல விட்ருவேன். பக்தன் சில்லறையோட வருவான்."

பையை மாற்றினார்கள். பிளாஸ்டிக் வாளி வைத்தார்கள், ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்தார்கள், மிக்கேல் ராயனின் சட்டைப் பையில் போட்டுப் பார்த்தார்கள். அவருக்கு நெஞ்சில் சோழி குத்தியதுதான் மிச்சம். அம்மன் கோயில் எலுமிச்சம்பழம், சர்ச் தீர்த்தம், பள்ளிவாசல் கயிறு மூன்றும் ஒரே பையில் ஏறி, பை கல்யாணப் பெண் மாதிரி ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. அந்த பஸ்ஸுக்குள் டிக்கெட்டுக்கென்று வாங்கிய காசு எதில் போட்டாலும் வேறு ஊர்க் காசாக மாறியது. ஏன் என்று இரண்டு நாள் கேட்டார்கள். மூன்றாம் நாள், இன்றைக்கு என்ன வரும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஏனென்றால் தினமும் ஒன்றே வரவில்லை. திங்களும் செவ்வாயும் சோழி. புதன்கிழமை, செங்கல் மாதிரி அழுத்திய கறுப்புக் கட்டி, மேலே பூ எழுத்து. காலேஜில் நர்சிங் படிக்கிற ரெக்ஸ்லின் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து இரண்டு கட்டைவிரலாலும் போனைத் தட்டி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசிப்பாள்.

"அண்ணே, இது தேயிலை. திபெத்துல, மங்கோலியாவுல இதுதான் காசு. கட்டிய ஒடச்சு ஒடச்சு சாமான் வாங்குவாங்களாம். சோழி மாலத்தீவுது. கப்பல் கப்பலா வங்காளத்துக்குப் போயிருக்கு, அங்க அரிசி வாங்கியிருக்காங்க."

"அப்ப எம் மீதிய வாங்க வங்காளத்துக்கு டிக்கெட் போடச் சொல்லு," என்றாள் சலேத்தம்மாள்.

ரோடு பிரிகிற உப்பள விலக்கில் டீக்கடைக்காரர் தேயிலைச் செங்கலில் ஒரு மூலையை உடைத்துக் கொதிக்கவைத்தார். குடித்தால் புகையும் குதிரையும் கலந்த ருசி. மிக்கேல் ராயனுக்கு மட்டும் பிடித்துப்போய் இரண்டாவது கிளாஸ் கேட்டார்.

வியாழக்கிழமை உப்பு. எங்கோ பர்மாவுக்கு மேலே மலைக்குள் காய்ச்சி, தோசைக்கல் அளவில் வட்ட வட்டமாக வார்த்த உப்பு. அதை அவன் உப்பளத்துக்காரர்களுக்கு மீதியாக நீட்டியபோது பஸ் ஒரு பக்கம் சாய்கிற அளவுக்குச் சிரித்தார்கள். "காலு பூரா உப்பு, கண்ணு பூரா உப்பு, மீதியும் உப்பாவே குடுக்கியே, நீ நல்லாருப்பியாவே?" என்றான் ஒருவன். அவன் பெண்டாட்டி மட்டும் ஓரத்தை நக்கிப் பார்த்து, "இது நம்ம உப்பு இல்ல. இதுல மல வாசம் அடிக்கு," என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை தகரத்தில் வார்த்த குட்டி முதலைகள், மலாய் தேசத்துக் காசு, இடையிடையே ஆமை. வலை கட்டுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போய் வலைக்குக் கனமாகக் கட்டினார்கள், அன்றைக்கு விழுந்த இறால் எல்லாம் முதலையைப் பார்த்துப் பயந்து விழுந்ததுதான் என்று சத்தியம் செய்தார்கள். சனிக்கிழமை வால் பக்கம் வளையம் வைத்த சீனக் கத்திகள், சலேத்தம்மாள் செதில் சீவ இரண்டு எடுத்துக்கொண்டாள், வளையத்தில் விரலை மாட்டினால் வழுக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை, வளைத்து மடக்கிய வெள்ளிக் கம்பி, பாரசீகத்திலிருந்து இலங்கை வரைக்கும் ஓடிய காசு. வெள்ளி என்று கேள்விப்பட்டுத் தவசிக்கனி தராசோடு ஓடி வந்தார்; அன்றைக்குப் பார்த்துக் கடல் கொந்தளிப்பு, பஸ்ஸில் ஏறியது மூன்றே பேர், அதில் ஒருவன் பள்ளிக்கூடப் பாஸ்.

இந்த ஒரு வாரத்திலேயே தேரிமுனைக்கு எல்லாம் பழகிவிட்டது. டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் சாக்பீஸில் விலை எழுதினார்கள், விலக்கு வரைக்கும் பத்துச் சோழி, செந்தூருக்கு இருபது, தேயிலை என்றால் ஒரு மூலை, கத்தி என்றால் போக வர, குழந்தை மடியில் இருந்தால் இலவசம், குழந்தை முதலையை வாயில் வைத்தால் தாயார் பொறுப்பு என்று. பார்பர் கத்திக்கு முடி வெட்டினார், ஷேவிங் தனி. பெண்கள் முடிச்சு அவிழ்க்கும்போது ஒரு முடிச்சில் திபெத்தும் இன்னொரு முடிச்சில் மலாயாவும் இருந்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எந்த வேலையும் இல்லாமல், மீதி என்ன வரும் என்று பார்க்கவே ஏறினார்கள். பவளக்கொடி இப்படி நிறைந்து ஓடியதே இல்லை. தவசிக்கனிக்கு மட்டும் ஒரு ரூபாய் வரவில்லை.

திங்கட்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. போனில் காசு அனுப்பினால் பைக்கு என்ன வேலை? ஒவ்வொரு சீட் முதுகிலும் கட்டம் போட்ட அட்டை ஒட்டி, இன்ஜின் பெட்டிமேல் காசு வந்தால் சொல்கிற பெட்டி ஒன்றையும் வைத்தார். ரெக்ஸ்லின்தான் முதல் ஆள். போனைக் காட்டினாள்.

"பதினொரு ரூபாய் பெறப்பட்டது," என்றது பெட்டிக்குள் இருந்த பெண் குரல்.

பஸ்ஸே கை தட்டியது. சேர்மத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தான். அடுத்து ஒரு வாத்தியார் காட்டினார்.

"இருபது சோழி பெறப்பட்டது."

தட்டத் தூக்கிய கைகள் கீழே இறங்கின. அடுத்த ஆள் பயந்து பயந்து காட்டினான்.

"அரை முதலை பெறப்பட்டது."

அந்தப் பெண் குரலில் கொஞ்சமும் மாற்றம் இல்லை. சாயங்கால ட்ரிப்பில் நிச்சயதார்த்தக் கூட்டம் ஒன்று, நாற்பது பேர், மாப்பிள்ளையின் பெரியப்பா பெருமைக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பினார்.

"ஒன்றேகால் எருமை பெறப்பட்டது. நன்றி."

பெரியப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். "எவன்லே எருமைன்னு சொன்னது?"

உப்பள விலக்கில் பஸ் நின்றபோது கழுத்தில் மணியோடு ஒரு எருமை நின்றது, மலைநாட்டுக் கொம்பு, பெண் கேட்டுப் போகிற வீட்டுக்கு அங்கே இதைத்தான் ஓட்டிப் போவார்களாம். கால் எருமை எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் பாங்கிலிருந்து தவசிக்கனிக்குப் போன் வந்தது: "சார், உங்க அக்கவுண்ட்டுல ஏதோ நிக்குது, நாங்க அத என்னன்னு பதியுறது?" எருமையை டீசல் பங்க்காரர் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்துக்கு டீசல் அடிக்கச் சம்மதித்தார். அவருக்குப் பால் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. மீதி. முதலையைப் பாதியாக வெட்டினால் அது முதலையும் இல்லை, காசும் இல்லை. கத்தியை ஒடித்தால் கை வெட்டும். எருமையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே சேர்மத்துரை டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக்கொண்டே இருந்தான், 9, 4, 39, 1, ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம், ஒரு 'சே'. இறங்கும்போது வாங்க மீதி இல்லை, அதனால் டிக்கெட்டுகள் ஊருக்குள் போயின. ஊருக்குள் போன டிக்கெட்டுகள் திரும்பி வரவில்லை.

சலேத்தம்மாள் தன் 9-ஐ டீக்கடைக்காரரிடம் கொடுத்து டீயும் வடையும் தின்றாள். "சேர்மத்துரை கையெழுத்துதானே? வை," என்றார் அவர். டீக்கடைக்காரர் அதைப் பால்காரனிடம் கொடுத்தார். பால்காரன் தவிட்டுக்கடையில் கொடுத்தான். தவிட்டுக்கடைக்காரர் அதே 9-ஐக் கொடுத்து பஸ்ஸில் ஏறினார். சேர்மத்துரை அதைப் பைக்குள் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை விட்டு எடுத்தான். டிக்கெட் டிக்கெட்டாகவே இருந்தது. அந்தப் பை மாற்றாமல் விட்ட ஒரே பொருள் அவன் கையெழுத்துதான்.

அதற்குப் பிறகு நிச்சயதார்த்த வீட்டில் டிக்கெட்டை மொய் வைத்தார்கள். சர்ச் உண்டியலில் 'சே' விழுந்தது, ஃபாதர் அதை எடுத்து மெழுகுவர்த்தி வாங்கினார். ஒரு பயல் 3-ஐ 8 ஆக்கிக்கொண்டு வந்தான்; சேர்மத்துரை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இது புதன்கிழம மூணாவது ட்ரிப்பு. நீ ஏறல, உங்க மாமா ஏறுனாரு. விலக்குக்கு ஏழு ரூவா, பத்து குடுத்தாரு. மீதி மூணு. எட்டு எங்கேருந்துலே வரும்?" என்றான். எழுதின மீதி ஒவ்வொன்றும் அவன் தலைக்குள் இருந்தது. ஊருக்கும் அது தெரியும். அதனால்தான் வாங்கினார்கள்.

இடையில் இரண்டாவது வார வியாழக்கிழமை துண்டு அகலத்துக்கு ஒரு காகிதம் வந்தது, மல்பெரி மரப்பட்டையில் செய்தது, சீனத்து ராஜா முத்திரை சிவப்பாக. "கள்ள நோட்டு அடிச்சா தலைய வெட்டுவோம்னு அதுலயே போட்டிருக்காம்," என்று வாசித்தாள் ரெக்ஸ்லின். கொஞ்சம் தள்ளி இன்னொன்றும் வாசித்தாள்: "ஆனா ராஜாவே இஷ்டத்துக்கு அடிச்சுத் தள்ளிட்டாராம். கடைசியில ஒருத்தரும் வாங்கலையாம்." டீக்கடைக்காரர் அந்த நோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பெரிய ராஜா, பெரிய முத்திரை, எல்லாஞ் சரி. 'சே' போட்ட டிக்கெட் இருந்தா குடும்மா." ராஜாவைப் பையன்கள் பட்டமாக விட்டார்கள்.

சொன்ன வெள்ளிக்கிழமை வந்தது. நாலரை மணி ட்ரிப்புக்குச் செந்தூர் ஸ்டாண்டில் தவசிக்கனியே ஏறினார். வெள்ளை வேட்டி, கையில் புத்தம்புது டிக்கெட் புத்தகம், நூறு தாள். முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து இடம் கொடுத்தான். அவர் உட்காரவில்லை.

"சேர்மா, நேத்து எங்க வீட்டுச் சமையக்காரி வஞ்சிர மீன் வாங்கிட்டு வந்தா. காசு நான் குடுக்கல. எப்படி வாங்குனன்னு கேட்டா உங் கையெழுத்தக் காட்டுதா."

"எம்பத்தொம்பதா அண்ணாச்சி? அது செவ்வாக்கிழமது. சரியாத்தான் இருக்கும்."

"சரியா இருக்கதுனாலதான் வந்திருக்கேன்." குரலைத் தாழ்த்தினார், பஸ்ஸில் குரலைத் தாழ்த்தினால் எல்லாருக்கும் கேட்கும். "ரூவா வரல. பரவாயில்ல. இந்தா புஸ்தகம். தாளுக்கு ஆயிரம்னு எழுது. நூறு தாளு, ஒரு லட்சம். வட்டத்தப் போடு, 'சே' போடு. டயர் நான் வாங்கிக்கிடுதேன், இன்சூரன்ஸ் நான் கட்டிக்கிடுதேன். பஸ் ஓடும். இன்னொரு பஸ்ஸும் விடுதேன் தேரிமுனைக்கு."

பஸ்ஸுக்குள் ஒரு சந்தோஷ முணுமுணுப்பு ஓடியது. சேர்மத்துரை காதிலிருந்து பேனாவை எடுத்தான். முதல் தாளைத் திருப்பினான்.

"ஏறுனது யாரு அண்ணாச்சி?"

"என்னது?"

"மீதின்னா ஒரு ஆளு ஏறணும், காசு குடுக்கணும், டிக்கெட்டு போக மிச்சம் இருக்கணும். ஆயிரம் மீதின்னா ஆயிரத்துப் பதினொண்ணு எங் கைக்கு வந்திருக்கணும். யாரு குடுத்தா?"

"நான் குடுத்ததா வச்சுக்கோ."

"குடுங்க."

தவசிக்கனியின் கை சட்டைப் பைவரைக்கும் போனது. அதற்குள் நோட்டு இருந்தது, துணி வழியாகத் தெரிந்தது. அந்த நோட்டு இந்தப் பைக்குள் போனால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். கை திரும்பி வந்துவிட்டது.

"சட்டம் பேசாத. தேரிமுன போறதுக்குள்ள எழுது. எழுதலேன்னா இதுதான் கடசி ட்ரிப்பு."

பஸ் கிளம்பியது. இருபத்தைந்து நிமிஷ ஓட்டம். சேர்மத்துரை புத்தகத்தையும் பேனாவையும் பிடித்துக்கொண்டு கம்பியில் சாய்ந்து நின்றான்.

"எழுதிக் குடேன் தம்பி," என்றாள் சலேத்தம்மாள். இந்தத் தடவை கிண்டல் இல்லை. "கோழி கிறுக்குத மாதிரி ரெண்டு கிறுக்கு. உனக்கு என்ன போவுது? என் முட்டியால இனி மணல்ல நடக்க முடியாதுடா."

"அக்கா, நான் ஏற்கெனவே எழுதினது எல்லாம் உங்க காசு. இவரு லட்சத்த ஊருக்குள்ள எறக்குனா உங்க ஒம்பதுக்கு டீ இல்ல, டீக் கிளாஸ் கழுவுன தண்ணிகூடக் கெடைக்காது."

"பஸ்ஸாவது இருக்கும்ல?"

சேர்மத்துரை ரெக்ஸ்லினைப் பார்த்தான், எல்லாவற்றுக்கும் போனில் பதில் வைத்திருப்பவள்.

"எழுதினா அந்தப் பட்டம் விட்ட நோட்டு கததான் அண்ணே," என்றாள் அவள். "ஆனா பஸ் போச்சுன்னா எனக்குக் காலேஜும் போச்சு. எங்கிட்ட கேக்காதீங்க."

மிக்கேல் ராயன் கண்ணாடியில் பார்த்தார், கியரை மாற்றினார். விலக்கில் எட்டுப் பேர் ஏறினார்கள். சேர்மத்துரை பழைய புத்தகத்தில் டிக்கெட் கிழித்தான், ஒருவருக்கு 3 மீதி எழுதினான், இன்னொருவருக்கு 13, வட்டம் போட்டான், 'சே' போட்டான். புதுப் புத்தகம் அக்குளில் இருந்தது, வேர்வையில் நனைந்தது. ஏறினவர்களும் விஷயம் கேட்டு, "எழுதுங்கண்ணே", "எழுதித் தொலைவே", "நாங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம்" என்றார்கள். அவன் மூன்று தடவை பேனா மூடியைக் கழற்றினான். மூன்று தடவை மாட்டினான். அவனுக்கு எழுத ஆசைதான், பொய் சொல்ல வேண்டாம். கை தாளுக்குப் போகும், ஏறாத அந்த ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று மனசு தேடும், முகம் கிடைக்காது, கை திரும்பிவிடும். மணல் மேடுகள் இரண்டு பக்கமும் சிவப்பாக வந்தன, பிறகு கடல் வந்தது.

தேரிமுனையில் பஸ் நின்றது. தவசிக்கனி புத்தகத்தைப் பிடுங்கி ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். நூறும் வெள்ளை.

"சரி," என்றார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஆளெல்லாம் எறங்கு. இந்த வண்டி இனி இங்க வராது. மிக்கேலு, திருப்பு."

ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். எவ்வளவு மெதுவாக ஒரு மனிதன் பஸ்ஸிலிருந்து இறங்க முடியுமோ அவ்வளவு மெதுவாக. சலேத்தம்மாள் கடைசியாக, ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றாள். மிக்கேல் ராயன் இன்ஜினை அணைக்கவில்லை. வண்டியை எடுக்கவும் இல்லை.

"எடுன்னு சொல்லுதேம்லா?"

"விசில் வரல அண்ணாச்சி."

"நான் மொதலாளி சொல்லுதேன்."

"வண்டி உங்களுது, இல்லேன்னு சொல்லல. ஆனா ரெண்டு விசில் கேக்காம நான் எப்படி எடுக்க? பின்னால எவ சேலை மாட்டியிருக்கு, எவன் புள்ள சக்கரத்துக்கிட்ட நிக்கான், எனக்கு என்ன தெரியும்? இருவத்திரெண்டு வருசமா விசில் இல்லாம ஒரு அடி எடுத்ததில்ல. கண்டக்டர அடிக்கச் சொல்லுங்க, இந்த நிமிசமே எடுத்துருதேன்."

ஏழு பஸ் வைத்திருந்த தவசிக்கனிக்கு ஒரு பஸ்ஸும் ஓட்டத் தெரியாது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்படிக்கு வந்தார்.

"சேர்மா, விசில அடி."

சேர்மத்துரை சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து உதட்டில் வைத்தான். இன்ஜின் துடித்துக்கொண்டிருந்தது. இறங்கினவர்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை, பஸ்ஸைச் சுற்றி நின்றார்கள், வலை கட்டுகிறவர்கள் வலையை விட்டுவிட்டு வந்தார்கள், ஃபாதர் வந்தார், யார் வீட்டுக் கோழியோ வந்தது.

"ரெண்டே ரெண்டு விசிலுடா. சம்பளத்தக் கையில குடுத்து அனுப்பி விடுதேன். அடி."

சேர்மத்துரை மூச்சை நன்றாக உள்ளே இழுத்தான், கன்னம் இரண்டும் உப்பியது, ஊரே பார்த்தது.

மூக்கு வழியாக வெளியே விட்டான்.